உறக்கத்தைக் கெடுக்கும் படங்கள் சில

எமது திரைப்படங்களில் வருகின்ற பேய்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அவை நியாயவாதிகள். உயிரோடு இருந்த காலத்தில் தமக்கு அநீதி இழைத்தவர் எவரோ, அவரைத் தேடிச் சென்று பழி தீர்ப்பவை. இடையில் அகப்பட்டுக்கொள்ளும் அப்பாவிகளைக் கொஞ்சம் வெருட்டும்; கொஞ்சம் சிரிக்கவும் வைக்கும். இறுதிக் காட்சியில் கணக்குத் தீர்ந்ததும் அமைதியடைந்து போய்விடும். ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011), ‘அரண்மனை’ (2014) என்று வரிசையாக வந்த படங்களைக் குழந்தை குட்டிகளோடு சென்று பார்த்துவிட்டு, வீடு திரும்பி நிம்மதியாக உறங்கினோம். மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அதில் வரும் பெண்ணின் ஆவி, தன்னை வாகனத்தால் மோதியவனையே காத்து நிற்கிறது. பேய்களிலும் இத்தகைய உத்தமிகளைத் தமிழர்களால்தான் கற்பனை செய்ய முடியும்.

இதனைக் குறையாகச் சொல்லவில்லை. கூட்டமாக உட்கார்ந்து அலறி, பிறகு அலறியதற்காகச் சிரித்துவிட்டு வருவது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அந்தப் படங்களின் உலகில் எவரும் காரணமின்றிச் சாவதில்லை; எந்தக் கொலையும் தண்டனையின்றித் தப்புவதுமில்லை. நாம் வாழ்ந்து கடந்த உலகம் அத்தகையதல்ல என்பதை நான் சொல்லித்தான் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

வெளிநாடுகளில் வளர்ந்த எமது பிள்ளைகள் சிலர் அவ்வப்போது என்னிடம், “அங்கிள், நல்ல பயங்கரமான படமாக நான்கைந்து சொல்லுங்கள்” என்று கேட்பதுண்டு. அவர்கள் எதிர்பார்ப்பது கதிரையிலிருந்து துள்ளி எழ வைக்கும் படங்களை. நான் சொல்ல விரும்புவதோ பார்த்து முடித்த பின்னர் கதிரையிலிருந்து எழ மனம் வராமற் செய்யும் படங்களை. இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே தட்டில் அடுக்கி விற்றுவிடுகிறார்கள். எனவே என்னுடைய பட்டியலைச் சற்று விரிவாகவே எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன்.

அதற்கு முன் ஒரு மறுப்பைக் கவனித்தாக வேண்டும். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை சென்று, முகாமில் இருந்து, பின்னர் கனடாவில் குடியேறிய உறவினர் ஒருவரிடம் இந்தப் படங்களில் ஒன்றைப் பற்றித் தொலைபேசியில் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இடைமறித்துக் கேட்டார்: “அண்ணை, நாங்கள் காணாததையே இவங்கள் காட்டப்போறாங்கள்?”

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் எதுவுமில்லை. இரவில் வாணவேடிக்கைச் சத்தம் கேட்டால் இன்றும் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறவர்களுக்கு நான் எந்தப் படத்தையும் பரிந்துரைக்கப் போவதில்லை. அவர்கள் மகிழ்ச்சியான படங்களைப் பார்க்கட்டும். எதையுமே பார்க்காமலும் இருக்கட்டும். இந்தக் கட்டுரை மற்றவர்களுக்கானது. அப்போது பிறந்திராதவர்களுக்கும், பிறந்திருந்தும் தூரத்தில் இருந்தவர்களுக்கும், என்னைப் போல் பக்கத்தில் இருந்தும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் ஆனது.

மேசை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பத்திரிகையில் இரவுப் பணி பார்த்த காலத்தில், பெரிய தாக்குதல் ஒன்று நடந்த நாட்களில், முதற்பக்கம் தயாராகும் வேளையில் எமது மேசையில் பத்துப் பன்னிரண்டு புகைப்படங்கள் கிடக்கும். எதைப் பிரசுரிப்பது என்ற விவாதம் ஒவ்வொரு முறையும் நடக்கும். எமது ஆசிரிய பீடத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். முகம் அடையாளம் தெரிகின்ற சடலத்தைப் பிரசுரிக்க அவர் ஒருபோதும் அனுமதித்ததில்லை. “தாய்க்குப் பிள்ளையின் மரணத்தைப் பத்திரிகை அறிவிக்கக் கூடாது” என்பது அவரது விதி. எனவே பெரும்பாலும் கடைசியில் தெரிவாவது, வீதியில் சிதறிக் கிடக்கும் செருப்புகளின் படமாகவோ கவிழ்ந்து கிடக்கும் துவிச்சக்கர வண்டியின் படமாகவோ இருக்கும். இளைஞர்களான எமக்கு அது கோழைத்தனம் போலவே தோன்றியது. ஆனால் மறுநாள் பஸ்ஸில், சாப்பாட்டுக் கடையில், மக்கள் பேசிக்கொண்டது அந்தச் செருப்புகளைப் பற்றியே. அதில் ஒன்று சிறு பிள்ளையின் செருப்பு என்பதை எங்களுக்கு முன்னர் அவர்கள் கவனித்திருந்தார்கள்.

இன்று அந்த மேசை இல்லை. ஒவ்வொரு மே மாதமும் கைத்தொலைபேசியில் படங்கள் வந்து குவிகின்றன. பெயரில்லாத, ஊரில்லாத, ஆடையும் இல்லாத உடல்கள். அவற்றை அனுப்புகிறவர்களின் நோக்கத்தில் நான் குறை காணவில்லை. சாட்சியம் அழிந்துவிடக் கூடாது என்ற தவிப்பு அது. ஆயினும் ஒரு பிறந்தநாள் கேக்கின் படத்துக்கும் ஒரு மீன்குழம்பின் படத்துக்கும் இடையில் அந்த உடல் வந்து போகிறது. விரல் ஒரு கணம் நிற்கிறது, பின்னர் தள்ளிவிடுகிறது. பத்தாவது படத்தில் விரல் நிற்பதுமில்லை.

பயங்கரத்தை எப்படிக் காட்ட வேண்டும் என்ற கேள்விக்குச் சில திரைப்பட இயக்குநர்கள் எமக்கு முன்னரே, எம்மைவிட ஆழமாக விடை தேடியிருக்கிறார்கள். அதற்காகவே அந்தப் படங்களைப் பார்க்கச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய படம். ஜேர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த ‘எம்’. பேர்லின் நகரில் சிறுமிகளைக் கடத்திக் கொல்லும் ஒருவனைப் பற்றிய கதை. படம் முழுவதிலும் ஒரு கொலையைக்கூட நாம் காண்பதில்லை. எல்ஸி என்ற சிறுமி பாடசாலையிலிருந்து வர வேண்டிய நேரம். தாய் மேசையில் தட்டை வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். மாடிப்படியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். வெறுமையான மாடிப்படி, துணி உலர்த்தும் வெறுமையான மேல்மாடி, வெறுமையான தட்டு என்று கமரா ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. பின்னர் பற்றைக்குள்ளிருந்து ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. அவன் வாங்கிக் கொடுத்த பலூன் தந்திக் கம்பிகளில் சிக்கித் துடிக்கிறது. அவ்வளவுதான். 90 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தட்டை என்னால் மறக்க முடியவில்லை. பிள்ளை வராத வீட்டின் சாப்பாட்டுத் தட்டு எமது ஊர்களுக்கும் தெரிந்த ஒன்றே.

கொலைகாரனாக நடித்த பீட்டர் லொறே, இறுதியில் நகரத்துத் திருடர்களே கூட்டிய ‘நீதிமன்றத்தின்’ முன் மண்டியிட்டுக் கதறும்போது, அவன்மீது எமக்கு இரக்கம் பிறந்து விடுகிறது. எமக்கே எம்மீது அருவருப்பு ஏற்படும் தருணம் அது. அந்தக் கதறலை அடுத்த சில ஆண்டுகளில் நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள் என்பது தனிக்கதை. லொறே யூதர், 1933இலேயே நாட்டைவிட்டு வெளியேறியவர். 1940இல் வெளியான யூத எதிர்ப்புப் பிரசாரப் படமொன்றில் அவரது அந்த நடிப்பை வெட்டி ஒட்டி, யூதனின் குணம் இது எனக் காட்டினார்கள். ஒரு படத்துண்டு இடம் மாறினால் என்னவெல்லாம் ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

ஹிட்ச்கொக்கின் ‘சைக்கோ’ (1960) பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பார்க்காதவர்களும் அந்தக் குளியலறைக் காட்சியை அறிவர். முக்கால் நிமிடம் கொண்ட அந்தக் கொலையை எடுக்க ஏழு நாட்கள் சென்றன. இரத்தமாக ஓடியது சொக்கலேட் பாணி. வயலின்களின் அலறல் இல்லாமல் அந்தக் காட்சியை வெளியிடவே ஹிட்ச்கொக் முதலில் எண்ணியிருந்தார். இசையமைப்பாளர் பேர்னார்ட் ஹெர்மன் இசையமைத்துக் காட்டிய பின்னரே மனம் மாறினார். கத்தி உடலைக் கிழிப்பதைக் கண்டதாகப் பலரும் சத்தியம் செய்வார்கள். அவர்களை அப்படிச் சொல்ல வைத்தது வெட்டித் தொகுத்த விதமும் அந்த வயலின்களுமே.

இவ்விரண்டும் கற்பனைக் கதைகள். நடந்ததைச் சொல்லும்போது பொறுப்பு வேறுவிதமானது. பிரெஞ்சு இயக்குநர் அலன் ரெனே எடுத்த ‘நைட் அண்ட் ஃபொக்’ 32 நிமிடங்களே ஓடும் ஆவணப்படம். நாஜி வதைமுகாம்கள் விடுவிக்கப்பட்டுப் பத்தாண்டுகள் கழித்து, 1955இல் எடுத்தார். புல் முளைத்துப்போன முகாம்களை வர்ணத்தில் மெதுவாகக் காட்டிச் செல்கிறார். இடையிடையே பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். உரையை எழுதிய ழான் கைரோல், மௌத்தவுசன் முகாமில் கைதியாக இருந்து தப்பியவர். படத்தில் உடல்களே காட்டப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். இறுதிப் பகுதியில் காட்டுகிறார். மிகக் கொடுமையாகவே காட்டுகிறார். ஆனால் அதற்குள் அந்தக் கட்டில்களையும், கழிவறைகளையும், தலைமயிர்க் குவியலையும் காட்டி, அந்த உடல்கள் ஒவ்வொன்றும் ஓர் ஆளாக இருந்தது என்பதை எமக்கு உணர்த்திவிட்டிருக்கிறார்.

அந்தப் படத்தில் பிரான்ஸின் தணிக்கை அதிகாரிகளை அச்சுறுத்தியது எது தெரியுமா? சடலங்கள் அல்ல, ஒரு தொப்பி! பிரெஞ்சு மண்ணில் யூதர்களைத் தடுத்து வைத்திருந்த முகாமொன்றின் புகைப்படத்தில், காவலுக்கு நின்ற பிரெஞ்சுப் பொலிஸ்காரனின் தொப்பி தெளிவாகத் தெரிந்தது. அதனை மறைக்க வேண்டும் என்றார்கள். மறைத்த பின்னரே படம் வெளியாயிற்று. 1956இல் கான் திரைப்பட விழாவின் போட்டியிலிருந்து மேற்கு ஜேர்மனியின் எதிர்ப்பால் படம் விலக்கப்பட்டதும் பதிவிலுள்ளது. அரசாங்கங்கள் பிணங்களைக் கண்டு அஞ்சுவதில்லை, தொப்பிகளைக் கண்டே அஞ்சுகின்றன என்று அன்று விளங்கிக் கொண்டேன். எமது நாட்டுப் பத்திரிகைத் தணிக்கையோடு மல்லுக்கட்டியவர்கள் இதனை எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

பட்டியலின் நடுநாயகம் என்று நான் கருதுவது சோவியத் ஒன்றியத்தில் எலெம் கிளிமோவ் இயக்கி 1985இல் வெளிவந்த ‘கம் அண்ட் சீ’. ‘வந்து பார்’ என்ற அந்தத் தலைப்பு பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து எடுக்கப்பட்டது. கிளிமோவ் ஸ்டாலின்கிராட் எரிந்துகொண்டிருக்கையில் தாயோடு வொல்கா நதியைக் கடந்து தப்பிய சிறுவன். கதையை அவரோடு சேர்ந்து எழுதிய அலெஸ் அடமோவிச், பதின்ம வயதில் பெலாரஸின் காடுகளில் கெரில்லாவாக இருந்தவர். பின்னர் எரிக்கப்பட்ட கிராமங்களில் உயிர் தப்பியோரின் வாக்குமூலங்களை வேறு இரு எழுத்தாளர்களோடு ஊர் ஊராகச் சென்று சேகரித்தவர். இவர்களது திரைக்கதை அதிகாரிகளின் அனுமதிக்காக ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் காத்துக் கிடந்தது.

1943ஆம் ஆண்டின் பெலாரஸ். ஃபிளியோரா என்ற சிறுவன், மணலைத் தோண்டி ஒரு துப்பாக்கியைக் கண்டெடுத்து, தாய் கதறக் கதற இயக்கத்தில் சேரப் போகிறான். போகும்போது அவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. இந்த ஒரு வாக்கியத்தோடு எம்மவர்களில் பலர் படத்தை நிறுத்திவிடக்கூடும். நிறுத்துவதும் அவர்களது உரிமை. அச்சிறுவனாக நடித்தவர் அலெக்ஸி கிராவ்சென்கோ. படம் முடிவதற்குள் அந்தப் பால் வடியும் முகம் சுருங்கி, உதடு வெடித்து, கிழவனின் முகமாகிறது. சில நாட்களில் நடக்கும் கதை அது.

ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். காட்டில் குண்டுவீச்சில் சிக்கிக் காது அடைத்துப்போன ஃபிளியோரா, கிளாஷா என்ற பெண்ணோடு தன் கிராமத்துக்குத் திரும்புகிறான். வீட்டில் எவருமில்லை. அடுப்பில் சூப் இன்னும் சூடாக இருக்கிறது, இருவரும் குடிக்கிறார்கள். தங்கைகளின் பொம்மைகள் தரையில் வரிசையாகக் கிடக்கின்றன. ஈக்களின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. “எங்கே ஒளிந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்” என்ற நம்பிக்கையில் அவன் வெளியே ஓடுகிறான். பின்னால் ஓடும் கிளாஷா ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். வீட்டின் பின்சுவரோடு ஊரார் அனைவரது உடல்களும் குவிந்து கிடக்கின்றன. கமரா ஓரிரு விநாடிகளே அங்கு நிற்கிறது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இருவரும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். நாம் கண்டதை அவன் காணவில்லை என்ற பாரத்தை அதன் பிறகு நாமே சுமந்துகொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. வேறொரு இயக்குநராக இருந்தால் அந்தக் குவியலில் தாயின் முகத்தைத் தேடி அண்மைக் காட்சி எடுத்திருப்பார்.

பின்னர் வேறொரு கிராமத்தில், மக்களை ஒரு களஞ்சியத்துக்குள் அடைத்து எரிக்கிறார்கள். அது நீண்ட காட்சி. அங்கே கிளிமோவ் எதையும் சுருக்கவில்லை. எரிகின்ற களஞ்சியத்தின் முன்னால் ஜேர்மன் படையினர் ஃபிளியோராவை மண்டியிட வைத்து, அவனது தலையில் கைத்துப்பாக்கியை வைத்து, சேர்ந்து நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்து முடிந்ததும் அவனைச் சுடாமல் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவன் அப்படியே ஒரு பக்கமாகச் சரிகிறான். படம் பிடிப்பது கொலையின் ஓர் அங்கமாகவே இருந்தது என்பதை அந்தச் சில விநாடிகள் சொல்கின்றன. 2009இன் பின்னர் வெளியான கைத்தொலைபேசிக் காணொளிகளை, அவற்றை எடுத்தவர்கள் யார், எதற்காக எடுத்தார்கள் என்ற கேள்வியோடு பார்த்தவர்களுக்கு இந்த இடம் நன்கு விளங்கும்.

பெலாரஸில் 628 கிராமங்கள் அவற்றின் மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்டன என்ற குறிப்பு இறுதியில் வருகிறது. கிளிமோவ் 2003இல் இறக்கும் வரை இன்னொரு படம் எடுக்கவில்லை.

எமது நாட்டிலும் காட்டாமல் காட்டிய படமொன்று உண்டு என்பதை இவ்விடத்தில் குறிப்பிட்டாக வேண்டும். பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த ‘புர ஹந்த களுவர’. எவரும் இதனைப் பயங்கரப் படங்களின் வரிசையில் சேர்ப்பதில்லை, நான் சேர்க்கிறேன். இராணுவத்தில் இருந்த மகனின் உடல் எனக் கூறி, திறக்கக்கூடாது என்ற கட்டளையோடு முத்திரையிட்ட சவப்பெட்டி ஒன்று வறண்ட கிராமமொன்றிலுள்ள பார்வையற்ற தந்தையிடம் ஒப்படைக்கப்படுகிறது. அரச நட்ட ஈட்டுக்கான படிவத்தில் கையொப்பமிட அந்த முதியவர் மறுக்கிறார். ஒருநாள் குழியைத் தோண்டிப் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே வாழைக்குற்றியும் கற்களும். அந்தத் தந்தையாக நடித்த ஜோ அபேவிக்கிரமவின் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் படத்தைத் தடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. படத்தில் ஒரு துப்பாக்கிச் சூடுகூட இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரக் கொட்டகைகளில் உட்கார்ந்திருக்கும் நாட்டில், சிங்களத் தந்தை ஒருவரின் வெற்றுச் சவப்பெட்டியைத் தமிழர்கள் பார்க்க வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து.

இனி, பயங்கரத்தைச் செய்தவர்களின் பக்கமிருந்து ஒரு படம். ஜோஷுவா ஒப்பன்ஹைமர் இயக்கி 2012இல் வெளிவந்த ‘த அக்ட் ஒவ் கில்லிங்’. இந்தோனேசியாவில் 1965, 1966ஆம் ஆண்டுகளில் கம்யூனிஸ்டுகள் எனக் குற்றஞ்சாட்டி ஐந்து இலட்சம் முதல் பத்து இலட்சம் வரையான மக்களைக் கொன்றார்கள். கொன்றவர்கள் தண்டிக்கப்படவில்லை; பெரிய மனிதர்களாக வாழ்ந்தார்கள். வட சுமாத்திராவின் மெடான் நகரைச் சேர்ந்த அன்வர் கொங்கோ அவர்களில் ஒருவர். அந்த நாட்களில் அவரது தொழில் திரையரங்க வாசலில் கள்ள விலைக்கு டிக்கெட் விற்பது. ஹொலிவூட் படங்களைக் கம்யூனிஸ்டுகள் எதிர்த்தமையால் அந்த வருமானம் விழுந்தது. கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். படம் பார்த்துவிட்டு, கதாநாயகனின் நடையிலேயே வீதியைக் கடந்து எதிர்ப்பக்கக் கட்டடத்துக்குச் சென்று ஆட்களைக் கொன்றதாக அவரே உற்சாகத்தோடு விவரிக்கிறார்.

ஒப்பன்ஹைமர் இவர்களிடம் வைத்த வேண்டுகோள் ஒன்றே. நீங்கள் செய்ததை உங்களுக்குப் பிடித்த சினிமாப் பாணியில் நடித்துக் காட்டுங்கள். அவர்களும் மகிழ்ச்சியாகச் சம்மதிக்கிறார்கள். இரத்தம் சிந்தாமல் கம்பியால் கழுத்தை நெரித்த விதத்தை அன்வர் ஒரு மாடியில் நின்று செய்து காட்டிவிட்டு, அங்கேயே நடனமாடுகிறார். பின்னர் அதனைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கும்போது அவர் முகம் மாறுகிறது. குற்ற உணர்வு என்று நாம் நினைக்கிறோம். அவரது கவலையோ, அன்று அணிந்திருந்த வெள்ளைக் காற்சட்டை பொருத்தமாக இல்லை என்பது! எத்தனை பேய்ப்படங்கள் பார்த்தாலும் கிடைக்காத நடுக்கம் எனக்கு அந்த இடத்தில் ஏற்பட்டது. கொன்றவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வாத்துக்குஞ்சின் காலை முறித்த பேரனிடம் அதனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். அவரை அரக்கன் என்று ஒதுக்கிவிட எமக்கு வழியே விடுவதில்லை அந்தப் படம். எங்கள் சமூகத்திலும், எல்லாப் பக்கங்களிலும், இப்படியான தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு இருக்கிறார்கள் என்ற எண்ணம் வந்த பிறகு உறக்கம் எங்கிருந்து வரும்? படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் இந்தோனேசியக் கலைஞர்கள் பலரின் பெயருக்குப் பதிலாக ‘பெயரிலி’ என்றே போட்டிருக்கிறார்கள். அன்வர் 2019இல் காலமானார்.

நான் பரிந்துரைக்க மறுக்கும் படங்களும் உண்டு. பசோலினியின் ‘சலோ’ (1975) பெரும் கலைஞன் ஒருவனின் படைப்பு என்பதில் ஐயமில்லை. அது வெளியாகுமுன்னரே அவர் கொலையுண்டார் என்பதும் அதன்மீது ஒரு நிழலை விழுத்துகிறது. பாசிசம் மனித உடலை வெறும் பண்டமாக்குகிறது என்கிறார், சரி. அதைச் சொல்ல, பார்க்கும் என்னையும் உடல்களை வெறும் பண்டமாகப் பார்த்துப் பழக வைக்கிறார். ஒருமுறை பார்த்தேன், போதும். ‘கனிபல் ஹொலோகோஸ்ட்’ (1980) போன்றவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். நடிகர்களை உண்மையில் கொல்லவில்லை என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது அதன் இயக்குநர் ருஜெரோ டியோடாட்டோவுக்கு. அதையே பெருமையாக விளம்பரம் செய்கிறவர்களுக்கு மனித வேதனை ஒரு சரக்கு மாத்திரமே.

பேய்ப்படம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாபக் அன்வாரி இயக்கிய ‘அண்டர் த ஷடோ’ (2016). பாரசீக மொழிப் படம். 1988இல் ஈராக்கின் ஏவுகணைகள் தெஹ்ரான்மீது விழுந்துகொண்டிருக்கின்றன. அரசியலில் ஈடுபட்டிருந்தாள் என்பதற்காக மருத்துவப் படிப்பைத் தொடர மறுக்கப்பட்ட ஒரு தாயும் அவளது சிறு மகளும் தொடர்மாடி வீட்டில் தனியே இருக்கிறார்கள். கணவனைப் போர்முனைக்கு மருத்துவராக அனுப்பிவிட்டார்கள். கண்ணாடி யன்னல்களுக்குக் குறுக்கே பசைநாடா ஒட்டியிருக்கிறது. அபாயச் சங்கு ஊதினால் எல்லோரும் கீழ்த்தளத்துக்கு ஓடுகிறார்கள். மேல்மாடியில் ஏவுகணை ஒன்று வெடிக்காமல் வந்து செருகிக்கொண்டு நிற்கிறது. அதன் பிறகு ஜின் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டதாகப் பிள்ளை சொல்லத் தொடங்குகிறாள். ஜின்னுக்குப் பயந்து தலையை மூடாமல் தெருவுக்கு ஓடும் தாயைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள்! வெளியே ஒரு பேய், உள்ளே ஒரு பேய்.

பொம்மர் இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் குதித்த தலைமுறைக்கு இந்தப் படத்தில் புதிதாக எதுவுமில்லை என்று தோன்றலாம். பங்கருக்குள் இருந்த பெரியவர்களான நாங்கள் பொம்மரை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் பங்கரின் இருட்டு மூலையைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அங்கே எதைக் கண்டார்கள் என்று நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. இப்போது 35, 40 வயதாகிவிட்ட அந்தப் பிள்ளைகளிடம் இந்தப் படத்தைச் சேர்ந்து பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

ஜப்பானிய உயிரூட்டுப் படமான ‘கிரேவ் ஒவ் த ஃபயர்ஃபிளைஸ்’ (1988) பற்றியும் ஒரு வார்த்தை. கார்ட்டூன் என்று நம்பிச் சிறு பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்துவிட வேண்டாம். கோபே நகரில் குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியால் மெல்ல மெல்லச் சாகிறார்கள். சாவார்கள் என்பதை முதற்காட்சியிலேயே சொல்லிவிடுகிறது படம். மூலக்கதையை எழுதிய அகியுகி நொசாகா தன் தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்தவர். இயக்குநர் இசாவோ தகாஹதா ஒன்பது வயதில் ஒகயாமா நகரின் குண்டுவீச்சில் தப்பியவர். வதையும் கொலையும் காட்டாத இந்தப் படத்தைத்தான் நான் இரண்டாம் முறை பார்க்கத் துணியவில்லை.

இன்னொன்று ‘த்ரெட்ஸ்’. 1984 செப்ரெம்பரில் பிபிசி ஒளிபரப்பியது. அணுகுண்டு விழுந்தால் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் என்ன நடக்கும் என்பதை எழுத்தாளர் பெரி ஹைன்ஸும் இயக்குநர் மிக் ஜக்ஸனும் செய்தியறிக்கை பாணியில் காட்டுகிறார்கள். இதற்கு முன்னோடியான பீட்டர் வொட்கின்ஸின் ‘த வோர் கேம்’ படத்தை 1965இல் அதே பிபிசி, ஒளிபரப்ப முடியாத அளவுக்குப் பயங்கரமானது எனப் பூட்டி வைத்தது. ஒஸ்கார் விருது பெற்றும் 1985 வரை தொலைக்காட்சியில் வரவில்லை. ‘த்ரெட்ஸ்’ஸில் என்னை நிலைகுலைய வைத்தது குண்டு விழுந்த பின்னர் வரும் காட்சிகள் அல்ல, அதற்கு முந்தியவை. ஒரு காதலனும் காதலியும் திருமணத்துக்கு வீடு பார்க்கிறார்கள், சுவர்க் காகிதம் உரிக்கிறார்கள். பின்னணியில் வானொலியும் தொலைக்காட்சியும் ஈரானில் மூளும் நெருக்கடி பற்றிச் செய்தி சொல்லிக்கொண்டே இருக்கின்றன. எவரும் காது கொடுப்பதில்லை. முப்பது ஆண்டுகள் செய்தி எழுதியவனுக்கு இதைவிடப் பயங்கரமான காட்சி வேறு உண்டா?

இவற்றைத் தொடர்ச்சியாக ஒரே வார இறுதியில் பார்க்க வேண்டாம். மாதத்துக்கு ஒன்று போதும். கைத்தொலைபேசியில் பார்க்க வேண்டாம். பாதியில் நிறுத்திவிட்டுக் குறுஞ்செய்திக்குப் பதில் எழுத வேண்டாம். தனியாகப் பார்ப்பதைவிட இருவராகப் பார்ப்பது நல்லது. முடிந்ததும் பேச வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தொடங்குவது எதிலிருந்து என்று கேட்டால், ஒப்பன்ஹைமரின் இரண்டாவது படமான ‘த லுக் ஒவ் சைலன்ஸ்’ (2014) என்பேன். அதே இந்தோனேசியா, அதே கொலைகள். இம்முறை கொல்லப்பட்டவனின் தம்பி கேள்வி கேட்கிறார். அண்ணன் கொல்லப்பட்ட பின்னர் பிறந்தவர் அவர். கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி கொடுப்பது தொழில். கொலைகாரர்கள் இப்போது முதியவர்கள், பார்வை மங்கியவர்கள். அவர்களது வீடுகளுக்குச் சென்று, சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றி, இப்போது தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்கிறார். அப்படியே மெதுவாக அண்ணனின் கதைக்கு வருகிறார். பலர் சீறுகிறார்கள், சிலர் மறதியை நடிக்கிறார்கள். ஒரு வீட்டில், நினைவு தளர்ந்த கிழவர் தாம் செய்தவற்றைச் சொல்லும்போது, பக்கத்தில் இருக்கும் மகள் அதனை வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்கிறாள். சற்று முன்வரை தகப்பனைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தவள். அவள் அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கிறாள்; எங்களை உங்கள் குடும்பமாக நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அவரும் விடைபெறும்போது அந்தக் கிழவரைக் கட்டியணைத்துவிட்டுப் போகிறார்.